முதலில் நடங்கள்... அப்புறம் ஆடலாம்!

வேலை முடிந்து ரயிலில் வீடு திரும்பிக்கொண்டிருக்கிறார் ஒரு கணக்காளர். நடுத்தர வயது. அன்பான மனைவி, பள்ளிக்குப் போகும் மகள், கடன் வாங்கி வாங்கிய சொந்த வீடு என எல்லாம் இருக்கிறது. மனதில் மட்டும் ஏதோ ஒரு வெறுமை. வழியில் ஒரு நடனப் பள்ளியின் ஜன்னலோரம் ஒரு பெண் நிற்பது தினமும் கண்ணில் படுகிறது. ஒருநாள் தயங்கித் தயங்கி ரயிலை விட்டு இறங்கி, அந்த வகுப்பில் சேர்ந்துவிடுகிறார். வீட்டில் மூச்சு விடவில்லை.

1996-ல் மசயுகி சுவோ இயக்கிய ‘ஷல் வி டான்ஸ்?’ என்ற ஜப்பானியப் படத்தின் கதை இது. 2004-ல் ரிச்சர்ட் கெர் நடிக்க, ஹாலிவுட்டிலும் இதை மறுபடி எடுத்தார்கள். அந்தப் பெண்ணுக்காகப் போனவர், போகப்போக நடனத்திலேயே விழுந்துவிடுகிறார். அலுவலகத்தில் மேஜைக்கு மேலே கை வேலை பார்க்கும். மேஜைக்கு அடியில் கால் ஸ்டெப் போட்டுக்கொண்டிருக்கும்!

பால்ரூம் நடனம் கற்றவர்கள் இந்தக் காட்சியைப் பார்த்தால் சிரித்துவிடுவார்கள். எல்லோரும் அதைக் கடந்து வந்தவர்கள்தான். சிக்கல் அதற்கு அடுத்த கட்டத்தில் வருகிறது. சேர்ந்து ஆறு மாதம் ஆகியிருக்கும். இருபது ஸ்டெப் மனப்பாடம். ஆனால், ஜோடியின் கையைப் பிடித்துத் தளத்தில் இறங்கினால் முழங்கால் இடிக்கிறது, கால் மிதிபடுகிறது, மூச்சு வாங்குகிறது. ‘ஸ்டெப் எல்லாம் தெரியுது, ஆனா டான்ஸா வரலையே!’ என்ற ஏக்கத்தோடு பலர் நின்றுவிடுவது இந்த இடத்தில்தான்.

இதற்குத் தீர்வு இருபத்தோராவது ஸ்டெப் அல்ல. முதல் நாள் சொல்லிக்கொடுத்து, அவசரமாகத் தாண்டி வந்த ஒன்றுதான். நடை!

நடையிலிருந்து வந்த நடனம்

சர்வதேசப் பால்ரூம் போட்டிகளில் இரண்டு பிரிவுகள். வால்ட்ஸ், டாங்கோ, வியன்னீஸ் வால்ட்ஸ், ஸ்லோ ஃபாக்ஸ்ட்ராட், குயிக்ஸ்டெப் ஆகிய ஐந்தும் ஸ்டாண்டர்டு. சம்பா, சா சா சா, ரும்பா, பாசோ டோப்ளே, ஜைவ் ஆகிய ஐந்தும் லத்தீன். ஜோடியாக அணைத்துப் பிடித்து, தளம் முழுக்க மிதந்து போவது போல ஆடுவது ஸ்டாண்டர்டு.

இதற்கு இலக்கணம் எழுதப்பட்டது இங்கிலாந்தில். முதல் உலகப்போர் முடிந்த கையோடு, அமெரிக்காவிலிருந்து புதிய இசையும் புதிய ஆட்டங்களும் வந்து இறங்கின. ஆளுக்கொரு விதமாக ஆடினார்கள். ‘டான்சிங் டைம்ஸ்’ பத்திரிகையின் ஆசிரியர் பிலிப் ரிச்சர்ட்சன், 1920-ல் நடன ஆசிரியர்களை லண்டனில் ஒரே இடத்தில் கூட்டினார். அடுத்த பத்தாண்டுகளில் விதிகள் ஒவ்வொன்றாக உருவாயின. அதே 1920-ல்தான் பிளாக்பூல் நகரில் நடன விழாவும் தொடங்கியது. அங்குள்ள வின்டர் கார்டன்ஸின் எம்ப்ரெஸ் அரங்கில் ஒருமுறையாவது ஆடிவிட வேண்டும் என்பது இன்றும் உலகெங்கும் உள்ள ஆட்டக்காரர்களின் கனவு.

அந்த ஆசிரியர்கள் செய்த பெரிய மாற்றம் ஒன்று உண்டு. பரதநாட்டியத்தில் அரைமண்டியில் பாதங்கள் பக்கவாட்டில் திரும்பியிருக்கும் அல்லவா? பாலேவிலும் பாதம் வெளிப்பக்கம் திரும்பும். பழைய ஐரோப்பிய ஜோடி நடனங்களும் அந்த வழியில் வந்தவைதான். புதிய ஆங்கிலேய பாணியோ பாதங்களை நேராக வைக்கச் சொன்னது. தெருவில் நடப்பது போல, இயல்பான நடை. அதனால்தான் கடைக்காரரும் குமாஸ்தாவும்கூட பால்ரூம் ஆட முடிந்தது.

1922-ல் உலக சாம்பியன் ஆன விக்டர் சில்வெஸ்டர், 1935-ல் தனியாக ஓர் இசைக்குழுவையே தொடங்கினார். வேகம் கூடாமல் குறையாமல் ஒரே சீராக வாசித்து இசைத்தட்டுகளாக வெளியிட்டார். கற்றுக்கொள்பவர்கள் வீட்டிலேயே அவற்றைப் போட்டுப் பயிற்சி செய்தார்கள். இன்று அந்த வேலையை செல்போன் செய்கிறது.

குதிகாலில் இருக்கிறது சூட்சுமம்

‘நடப்பதற்கு என்ன பயிற்சி?’ என்று கேட்கத் தோன்றும். முன்னால் போகும் நடையில், உடம்பை முதலில் நகர்த்துவது தரையில் ஊன்றியிருக்கும் கால்தான். அது தள்ள, மற்றொரு கால் முன்னே போய் முதலில் குதிகாலை வைக்கிறது. பிறகு பாதம் முழுவதும் படிகிறது. புதிதாகக் கற்பவர்கள் காலை மட்டும் முன்னால் நீட்டிவிட்டு, உடம்பைப் பின்னாலேயே விட்டுவிடுவார்கள். ஜோடியின் காலை மிதிப்பது பெரும்பாலும் இதனால்தான். உடம்பு சேர்ந்து வந்தால், ‘நான் வருகிறேன்’ என்பது எதிரில் இருப்பவருக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும். அவர் காலை எடுக்க நேரம் கிடைக்கும்.

பின்னால் போகும் நடை இன்னும் கடினம். இடுப்பிலிருந்து கால் பின்னே போக வேண்டும். விரல் நுனி முதலில் தரையைத் தொட, பிறகு முன்பாதம். குதிகாலைச் சட்டென்று போட்டுவிடக் கூடாது. முன்னால் உள்ள கால் பின்னோக்கி வந்து அதைக் கடக்கும் நேரத்தில்தான் குதிகால் மெல்ல இறங்க வேண்டும். சீக்கிரம் இறக்கினால் உடம்பு பின்பக்கம் சாயும். முன்னால் வருபவரையும் சேர்த்து இழுக்கும்.

வால்ட்ஸில் இன்னொரு விஷயம் சேர்கிறது: ஏற்ற இறக்கம். ஒன்று-இரண்டு-மூன்று என்ற எண்ணிக்கையில், ‘ஒன்று’ முடியும்போது உடல் எழத் தொடங்கும். இரண்டிலும் மூன்றிலும் தொடர்ந்து எழும். ‘மூன்று’ முடியும்போதுதான் இறங்கும். கணுக்காலும் முழங்காலும் சேர்ந்து செய்ய வேண்டிய இந்த வேலையைப் பலர் தோள்களைத் தூக்கிச் செய்கிறார்கள். அதனால்தான் அலை போலத் தெரிய வேண்டியது குதிப்பது போலத் தெரிகிறது. டாங்கோவிலோ இந்த ஏற்ற இறக்கமே கிடையாது. முழங்கால் லேசாக மடங்கியபடி, தலை ஒரே உயரத்தில் போக வேண்டும்.

வால்ட்ஸ் இசை நிமிடத்துக்கு 28 முதல் 30 தாளச் சுற்றுகள். வியன்னீஸ் வால்ட்ஸ் ஏறக்குறைய இரு மடங்கு வேகம். மெதுவானது சுலபம் என்று தோன்றும். உண்மை நேர்மாறு. வேகத்தில் தப்பு மறைந்துவிடும். மெதுவாக ஆடும்போது பேலன்ஸ் இல்லாதது பளிச்சென்று தெரிந்துவிடும்.

கை பேசக் கூடாது

ஆணின் வலக்கை பெண்ணின் இடது தோள்பட்டை எலும்பின் மேல். பெண்ணின் இடக்கை அவர் மேற்கையின் மேல். மறு கைகள் கோத்திருக்கும். இதை ‘ஹோல்டு’ என்கிறார்கள். இந்தக் கைகளால் ஜோடியைத் தள்ளுவதும் இழுப்பதும்தான் அடிக்கடி நடக்கும் தப்பு. கைகள் ஒரு சட்டம் மாதிரி அசையாமல் இருக்க வேண்டும். எந்தப் பக்கம் போகிறோம் என்ற செய்தியை உடம்புதான் சொல்ல வேண்டும்.

அதேபோல, ஜோடியின் மேல் சாயவும் கூடாது. மனிதத் தலையின் எடை மட்டுமே நாலரை, ஐந்து கிலோ. காலைப் பார்ப்பதற்காகத் தலையைக் குனிந்தால் அவ்வளவு எடையும் முன்னால் விழும். அதைத் தாங்குவது எதிரில் இருப்பவர். அவரவர் எடையை அவரவர் சுமப்பதுதான் ஜோடி நடனத்தின் முதல் மரியாதை.

கணவன் மனைவியாகச் சேர்ந்து கற்பவர்களிடம் இன்னொரு சிக்கலும் உண்டு. தப்பு நடந்தால், ‘நீ லேட்டா வர்ற’, ‘நீங்கதான் தள்றீங்க’ என்று தொடங்கி, வீடு போய்ச் சேரும்வரை பேச்சு இருக்காது! ‘அந்த நேரத்தில் என் எடை எந்தக் காலில் இருந்தது?’ என்று இருவரும் தங்களையே கேட்டுக்கொண்டால், பாதிச் சண்டை குறையும். குழு வகுப்புகளில் ஜோடி மாற்றி மாற்றி ஆடச் சொல்வதும் இதற்காகத்தான். நாலு பேரோடு ஆடியும் அதே இடத்தில் இடித்தால், தப்பு யாருடையது என்று தெரிந்துவிடுமே!

தினம் கால் மணி நேரம்

கச்சேரி செய்யும் அளவுக்கு வளர்ந்தவர்களும் சரளி வரிசையை விடுவதில்லை. பால்ரூமிலும் அப்படித்தான். கூடத்தில் நாலு எட்டு நடக்க இடம் இருந்தால் போதும்.

முதல் ஐந்து நிமிடம், இசை இல்லாமல் தனியாக முன்னும் பின்னும் மெதுவான நடை. ஒவ்வொரு அடியிலும் ஒற்றைக் காலில் இரண்டு விநாடி நின்று பார்க்க வேண்டும். தடுமாறாமல் நிற்க முடிந்தால் அந்த அடி சரி.

அடுத்த ஐந்து நிமிடம், ஒரே ஒரு ஸ்டெப். இசையோடு, ஆனால் தனியாக. கடைசி ஐந்து நிமிடம், அதையே ஜோடியோடு. ஒருநாள் பாதம், ஒருநாள் தலை, ஒருநாள் தாளம் என்று ஒன்றை மட்டும் கவனித்தால் போதும். வாரம் ஒருமுறை செல்போனில் பதிவு செய்து பார்ப்பது நல்லது. பார்க்கும்போதும் அந்த ஒன்றை மட்டும்.

காலணியிலும் கவனம் தேவை. ரப்பர் அடிப்பாகம் தரையைக் கவ்விப் பிடிக்கும். திரும்பும்போது முழங்கால் திருகிக்கொள்ளும். வழவழப்பான டைல்ஸில் வெறும் சாக்ஸோடு ஆடினால் வழுக்கும். நடனக் காலணிகளுக்கு மெல்லிய ஸ்வேட் தோல் அடிப்பாகம் வைப்பது, இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கத்தான்.

தோட்டத்தில் ஒரு வால்ட்ஸ்

அந்த ஜப்பானியக் கணக்காளர் போட்டிக்கும் போகிறார். விஷயம் தெரிந்து, மனைவியும் மகளும் அவருக்குத் தெரியாமல் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். நன்றாக ஆடிக்கொண்டிருக்கும்போது, மகள் ஆர்வத்தில் ‘அப்பா!’ என்று குரல் கொடுக்கிறாள். கவனம் சிதறி, கால் தடுமாறி, ஜோடிப் பெண்ணின் பாவாடை கிழிந்துவிடுகிறது. வெட்கத்தில் நடனத்தையே விட்டுவிடுகிறார். ஸ்டெப் மறந்ததால் வந்த வினை அல்ல அது. கவனம் ஜோடியை விட்டு ஒரு கணம் விலகியதால் வந்தது.

பிறகு மகள் கேட்டுக்கொண்டதால், வீட்டுத் தோட்டத்தில் மனைவியின் கையைப் பிடிக்கிறார். மனைவிக்கு ஒரு ஸ்டெப்கூடத் தெரியாது. அங்கே நடுவர்களும் இல்லை, மதிப்பெண்ணும் இல்லை. கற்ற வித்தையை எல்லாம் ஓரமாக வைத்துவிட்டு, மனைவி தடுமாறாமல் இருக்கும்படி மெதுவாக அடி எடுத்து வைக்கிறார். அதுவரை அவர் கற்றதெல்லாம் எதற்கு என்று பார்ப்பவர்களுக்குப் புரிவது அந்த இடத்தில்தான்.

இருபது ஸ்டெப் தெரிந்தவரோடு ஆடுவதைவிட, மிதிக்காமல், இழுக்காமல், சாயாமல் நடக்கத் தெரிந்த ஒருவரோடு ஆடுவதைத்தான் எந்த ஜோடியும் விரும்பும். இன்று இரவு சாப்பாடு முடிந்ததும், கூடத்தில் நாலு அடி முன்னே, நாலு அடி பின்னே போய்ப் பாருங்கள். குதிகால் எப்போது தரையைத் தொடுகிறது என்று கவனித்தாலே, முதல் பாடம் ஆரம்பமாகிவிட்டது!