சேம்பர் ஓபராவும் எங்க பக்கத்து வள்ளி திருமணமும்

ஓபரா என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வருகிறது? தொண்டை கிழியப் பாடும் கனத்த அம்மணி ஒருவர், மேலே சரவிளக்கு, பால்கனியில் கோட் சூட் போட்ட பணக்காரர்கள். சினிமாக்காரர்கள் நமக்குக் காட்டி வைத்திருப்பது அதைத்தான். ஆனால் ஓபராவிலேயே சின்ன சைஸ் ஒன்று இருக்கிறது. அதற்கு சேம்பர் ஓபரா என்று பெயர். நாலைந்து பாடகர்கள், பத்துப் பன்னிரண்டு வாத்தியங்கள், ஒன்றரை இரண்டு மணி நேரம். அவ்வளவுதான். இதைப் பற்றி நான் ஏன் எழுத வேண்டும், எனக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். சம்பந்தம் இருக்கிறது. கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

இத்தாலியில் வெனிஸ் நகரத்தில் லா ஃபெனிச்சே என்று ஓர் ஓபரா அரங்கம் உண்டு. 1792-ல் திறந்தது. 1836-ல் ஒருமுறை எரிந்தது, 1996-ல் இன்னொரு முறை எரிந்தது. இரண்டு தடவையும் திரும்பக் கட்டிவிட்டார்கள். ஃபெனிச்சே என்றால் ஃபீனிக்ஸ் பறவைதான், பெயர்ப் பொருத்தம் அப்படி! வெர்டியின் 'லா திராவியாத்தா' 1853-ல் முதன்முதலாக மேடையேறியது இங்கேதான். இவ்வளவு பழம்பெருமை உள்ள இடம் என்ன செய்திருக்க வேண்டும்? பழைய சரக்கையே வருஷா வருஷம் போட்டுக் காசு பார்த்திருக்கலாம். ஆனால் 1954 செப்டம்பர் 14 அன்று அதே மேடையில், இங்கிலாந்துக்காரர் பெஞ்சமின் பிரிட்டன் புதிதாக எழுதிய 'தி டர்ன் ஆஃப் தி ஸ்க்ரூ' அரங்கேறியது. வெனிஸ் பினாலே விழாவுக்காகக் கேட்டு வாங்கிய படைப்பு. ஆறு பாடகர்கள், பதின்மூன்று வாத்தியக்காரர்கள், பேய் நடமாடும் வீட்டில் இரண்டு குழந்தைகள். இத்தாலிய அரங்கத்தில் இங்கிலீஷ் பாட்டு. யாரும் கோவிலைத் தீட்டுப்படுத்திவிட்டார்கள் என்று கத்தவில்லை.

ஆறும் பதின்மூன்றும். இந்தக் கணக்கை மனசில் வைத்துக்கொண்டு எங்கள் புதூர்ப் பக்கம் வாருங்கள். (மதுரைப் புதூர் இல்லைங்க, விளாத்திகுளம் தாலுகா புதூர்.)

இங்கே பருத்தியும் மிளகாயும் வீட்டுக்கு வந்த பிறகு, பங்குனி சித்திரையில் அம்மன் கோவில் பொங்கலுக்கு நாடகம் போடுவார்கள். பெரும்பாலும் வள்ளி திருமணம். ராஜபார்ட் ஒருவர், ஸ்திரீபார்ட் ஒருவர், நாரதர், பபூன், டான்ஸ். அந்தப் பக்கம் பெட்டி, மிருதங்கம், ஆல்ரவுண்டு, தாளம். எண்ணிப் பாருங்கள், மொத்தம் ஒன்பது பேர். பிரிட்டனுக்குப் பத்தொன்பது பேர் தேவைப்பட்டது, நமக்கு ஒன்பதே போதும். பாட்டாலேயே கதை நகர்கிறது, தர்க்கம்கூட பாட்டில்தான். இதை சேம்பர் ஓபரா என்று சொல்லாமல் வேறென்ன சொல்வது?

இந்த நாடகத்தை இன்று நாம் பார்க்கிற உருவத்தில் எழுதியவர் சங்கரதாஸ் சுவாமிகள். 1867-ல் தூத்துக்குடிப் பக்கம் காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தவர், 1922-ல் பாண்டிச்சேரியில் இறந்தார். அதாவது அவர் போய் நூறு வருஷம் தாண்டிவிட்டது. நாம் இன்னும் அவர் வைத்துவிட்டுப் போனதையே பாடிக்கொண்டிருக்கிறோம். என் சண்டை இங்கேதான் ஆரம்பிக்கிறது.

பழசு வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. நாரதருக்கும் வள்ளிக்கும் ராத்திரி ஒரு மணிக்கு நடக்கிற தர்க்கத்தை நான் எதற்காகவும் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆனால் அந்தப் பழசும் ஒரு காலத்தில் புதுசாக இருந்தது. எங்கள் பக்கத்து ஊர் நாகலாபுரத்தைச் சேர்ந்த மதுரகவி பாஸ்கரதாஸ் (1892–1952) சுதந்திரப் போராட்டக் காலத்தில் பாட்டு எழுதிக் கொடுப்பார். முருகன் வேஷத்தில் தினைப்புனத்துக் கொக்கை விரட்டுகிற சாக்கில், வெள்ளைக்காரனை விரட்டிப் பாடுவார் விஸ்வநாததாஸ். கீழே உட்கார்ந்திருப்பவனுக்கு எந்தக் கொக்கு என்று தெரியும், போலீசுக்கும் தெரியும். பலமுறை ஜெயிலுக்குப் போனார். 1940 டிசம்பர் 31 அன்று சென்னையில், முருகன் வேஷத்திலேயே, மேடையிலேயே உயிர் போனது. வள்ளி திருமணம் அன்றைய தேதிக்கு எவ்வளவு சமகாலமாக இருந்தது என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

1931-ல் வந்த முதல் தமிழ் பேசும் படம் 'காளிதாஸ்' படத்துக்குப் பாட்டு எழுதியவரும் இதே பாஸ்கரதாஸ்தான். கரிசல் காட்டில் உட்கார்ந்துகொண்டு புது ஊடகத்துக்குப் பாட்டு எழுதிய மனுஷன்! அவர் பேரன் முருகபூபதி கோவில்பட்டியில் மணல்மகுடி என்ற குழுவை வைத்து நவீன நாடகம் போடுகிறார். ஆக, புதுசு செய்கிற ஆள் நம் மண்ணில் இல்லாமல் இல்லை. அந்த நாடகங்களும் பொங்கல் நாடகமும் வேறு வேறு தண்டவாளத்தில் ஓடுகின்றன, அதுதான் வருத்தம்.

சரி, ஏன் புது இசை நாடகம் வரவில்லை? கலைஞர்களுக்குத் திறமை இல்லையா? அபாண்டம். காரணம் 'ஸ்பெஷல்' என்கிற முறையிலேயே இருக்கிறது. ராஜபார்ட் புதுக்கோட்டையிலிருந்து வருவார், ஸ்திரீபார்ட் மதுரையிலிருந்து வருவார், பெட்டிக்காரர் இன்னொரு ஊர். அன்றைக்கு ராத்திரி மேடையில்தான் ஒருவரை ஒருவர் பார்ப்பார்கள். ஒத்திகை கிடையாது. எல்லாருக்கும் ஒரே நாடகம் மனப்பாடம் என்பதால்தான் இது நடக்கிறது. வெள்ளைக்காரன் ஊரில் ஓபராவுக்குத் தாளில் எழுதின இசையும் வாரக்கணக்கில் ஒத்திகையும் வேண்டும். இங்கே அந்த மனப்பாடம்தான் எல்லாம். புது நாடகம் என்று ஒன்றைக் கையில் கொடுத்தால் அந்த ஏற்பாடே சரிந்துவிடும். யாரைக் குற்றம் சொல்ல?

ஆனால் ஒத்திகை நமக்கு அந்நியமும் இல்லை. சங்கரதாஸ் சுவாமிகளே 1918-ல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபாவைத் தொடங்கிச் சின்னப் பையன்களுக்குப் பாடம் சொல்லி, பழக்கி, மேடையேற்றியிருக்கிறார். டி.கே.எஸ். சகோதரர்கள் அங்கே படித்தவர்கள்தானே. அப்போது சாப்பாடு போட்டு ஒத்திகை பார்க்க கம்பெனி இருந்தது. இப்போது ஒன்பது பேருக்குப் பத்து நாள் ஒத்திகைக் கூலி தர யாரும் இல்லை. கேள்வி இவ்வளவுதான், வேறு பெரிய தத்துவம் ஒன்றுமில்லை.

மும்பையில் ராயல் ஓபரா ஹவுஸ் என்று ஒன்று இருக்கிறது. 1911-ல் ஐந்தாம் ஜார்ஜ் திறந்து வைத்தது, பிறகு சினிமாக் கொட்டகையாகி, 1993-ல் மூடிக் கிடந்து, 2016-ல் அழகாகப் புதுப்பித்துத் திறந்தார்கள். நல்ல காரியம். ஆனால் கட்டடத்தைக் காப்பாற்ற முன்வருகிற அளவுக்கு, அதற்குள் பாடப் புதுசாக எழுதுகிறவனைக் காப்பாற்ற நம் நாட்டில் ஆள் வருவதில்லை. எங்களுக்கோ கட்டடமே தேவையில்லை. கோவில் வாசலும் நாலு பெஞ்சும் போதும். எங்கள் ஊர்களின் ஓபரா ஹவுஸ் கோவில் கமிட்டிதான். வரி போட்டு, கலைஞர்களுக்கு அட்வான்ஸ் கொடுத்து, பந்தல் போட்டு, எல்லாம் செய்கிறார்கள். புது நாடகம் கேட்க வேண்டும் என்பது மட்டும் அவர்களுக்குத் தோன்றவில்லை. அதற்குப் பதில் ஆடல் பாடல் நிகழ்ச்சிக்குப் போய்விடுகிறார்கள். எங்கள் பக்கத்தில் ஒரு கிராமத்தில் (பெயர் வேண்டாம், வம்பு) இளவட்டங்கள் சேர்ந்து நாடகத்தையே நிறுத்திவிட்டார்கள். "விடிய விடிய யாரு உக்காந்து பாக்குறது?" என்பது அவர்கள் வாதம்.

அந்த வாதத்தில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. மேலும் 2000-ஆம் வருஷத்து ஒலி மாசு விதிகளின்படி ராத்திரி பத்து மணிக்கு மேல் காலை ஆறு மணி வரை ஒலிபெருக்கி கூடாது. விழாக்களுக்கு வருஷத்தில் பதினைந்து நாள்வரை அரசு சலுகை தரலாம், அதுவும் நடுராத்திரி பன்னிரண்டு மணி வரைதான். விடிய விடிய நடக்கிற நாடகம் எழுத்துப்படி பார்த்தால் தயவில்தான் ஓடுகிறது. என்றைக்காவது ஓர் அதிகாரி கண்டிப்பாக இருந்தால் நாரதரும் வள்ளியும் தர்க்கத்தின் நடுவிலேயே எழுந்து போக வேண்டியதுதான். அப்படி ஒரு நாளைக்கு நம் கையில் இரண்டு மணி நேர நாடகம் ஒன்றாவது இருக்க வேண்டாமா?

பெரியவர்கள் இதை ஒத்துக்கொள்ள மாட்டார்கள். தூங்கி, எழுந்து, டீ குடித்து, மறுபடி பார்ப்பதுதான் நாடகம் என்பார்கள். அவர்களுக்கு வள்ளி திருமணம் அப்படியே இருக்கட்டும். ஒரே ஒரு வருஷம், ஒரே ஒரு ஊரில், சாயங்காலம் ஏழு மணியிலிருந்து ஒன்பது மணி வரை புதுசு. அதே ஒன்பது கலைஞர்கள், அதே பெட்டி, அதே மெட்டுக்கள். கதை மட்டும் நம்முடையது. இருட்டோடு வந்து பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போன தீப்பெட்டி ஆபீஸ் பஸ்ஸைப் பற்றி ஏன் பாடக் கூடாது? அந்தக் காலத்தில் கட்டை அடுக்கிய பிள்ளைகள் இன்று கமிட்டியில் உட்கார்ந்து வரி வசூலிக்கிற வயதில் இருக்கிறார்கள். பிரிட்டன் இரண்டு குழந்தைகளையும் பேயையும் வைத்து எழுதினார். நம்மிடம் ஒரு பஸ் நிறையக் குழந்தைகள் உண்டு, பேய்க்கும் பஞ்சமில்லை.

வரியில் வீட்டுக்குக் கொஞ்சம் கூட்டினால் பத்து நாள் ஒத்திகைக் கூலி வந்துவிடும். வெளியூரில் வேலை பார்க்கிற நம் பையன்கள் ஃப்ளெக்ஸ் போர்டு வைக்கிற காசை ஒரு வருஷம் இதற்குத் தந்தாலும் போதும். பாட்டு எழுத ஆள் கிடைப்பார், பெட்டிக்காரர்கள் மெட்டுப் போட்டுவிடுவார்கள். எனக்கு உள்ள ஒரே சந்தேகம், தீப்பெட்டி ஆபீஸ் கதையில் பபூனுக்கு என்ன வேலை என்பதுதான். கங்காணி வேஷம் கொடுக்கலாமா?