ரீகால் வந்தால் அவமானம் இல்லை, புகாரை விழுங்கினால்தான் அவமானம்



ரொம்ப நாளைக்குப் பிறகு நீளமாக எழுதுகிறேன். கார் வைத்திருப்பவர்களும் வாங்கப் போகிறவர்களும் பொறுமையாகக் கடைசி வரை படியுங்கள்.

போன வாரம் என் தங்கை மகன் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தியைப் போட்டான். "39,506 கார் ரீகால்! ஹைப்ரிட் வாங்கினவன் எல்லாம் ஏமாளி!" என்று சிவப்பு எழுத்தில் இருந்தது. அதற்குக் கீழே எனக்கு ஒரு அறிவுரை: "மாமா, உங்க வண்டியும் ஹைப்ரிட்தானே? பேட்டரி வெடிக்கிறதுக்குள்ள வித்துடுங்க."

மாப்பிள்ளை, நீ போட்ட செய்தியில் எண் சரி. மற்றதெல்லாம் தப்பு. கணக்கு வாத்தியாரிடம் எண்ணை மட்டும் காட்டிவிட்டுத் தப்பிக்க முடியாது. வா, வரிவரியாகப் பார்ப்போம்.

அது 2025 நவம்பரில் வந்த செய்தி. மாருதி சுசுகி தன் கிராண்ட் விட்டாரா கார்களில் 39,506 வண்டிகளைத் திரும்ப அழைத்தது. 2024 டிசம்பர் 9 முதல் 2025 ஏப்ரல் 29 வரை தயாரானவை. குறை எதில்? பெட்ரோல் எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் மீட்டரிலும் அதன் எச்சரிக்கை விளக்கிலும். அவை சரியான அளவைக் காட்டாமல் போகலாம் என்பதுதான் அறிவிப்பு. அதே காரின் உடன்பிறப்பான டொயோட்டா ஹைரைடரிலும் இதே காரணத்துக்காக 11,529 வண்டிகளைக் கூப்பிட்டார்கள். இரண்டு கார்களும் கர்நாடகத்தில் பிடதி தொழிற்சாலையில் தயாராகிறவை. அதனால் ஒன்றுக்கு வந்தால் மற்றதற்கும் வருகிறது.

இதில் பேட்டரி எங்கே வந்தது, வெடிப்பு எங்கே வந்தது?

இன்னும் பின்னால் போகிறேன். கிராண்ட் விட்டாரா 2022 செப்டம்பரில் விற்பனைக்கு வந்தது. அந்த டிசம்பரில் முதல் ரீகால்: ஐந்து மாடல்களில் சேர்த்து 9,125 வண்டிகள், முன் சீட் பெல்ட்டின் தோள்பட்டை உயரத்தை மாற்றும் பாகத்தில் குறை. 2023 ஜனவரியில் இரண்டாவது: ஆறு மாடல்களில் சேர்த்து 17,362 வண்டிகள், ஏர்பேக்கை இயக்கும் கன்ட்ரோலரில் குறை. பாகத்தை மாற்றும் வரை வண்டியை ஓட்டவே வேண்டாம் என்று கம்பெனியே சொன்னது. அதே மாதம் மூன்றாவது: கிராண்ட் விட்டாரா மட்டும் 11,177 வண்டிகள், பின் சீட் பெல்ட்டைப் பிடித்திருக்கும் பிராக்கெட் நாளடைவில் தளர்ந்துபோகலாம் என்று.

நான் சொன்ன இந்த நான்கில் ஒன்றுகூட ஹைப்ரிட் பேட்டரிக்கோ மின்மோட்டாருக்கோ வந்தது இல்லை. பெல்ட், பிராக்கெட், ஏர்பேக், மீட்டர். எந்தக் காரிலும் இருக்கும் சாமான்கள். ஹைப்ரிட் இல்லாத சாதாரண மாடல்களும் அந்த எண்ணிக்கையில் அடக்கம். பேட்டரியைக் கண்டு பயந்து உட்கார்ந்திருக்கும் நேரத்தில், பின் சீட்டில் பேத்தி போட்டிருக்கும் பெல்ட்டின் பிராக்கெட்டை யார் பார்ப்பது?

பெட்ரோல் மீட்டர் தானே என்று அதையும் லேசாக விட்டுவிடாதீர்கள். பலர், "ஹைப்ரிட் வண்டியாச்சே, பெட்ரோல் தீர்ந்தா கரண்ட்ல ஓடும்" என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். ஓடாது. இந்த வகைக் காரின் பேட்டரி சின்னது. நம் வீட்டு மின்கணக்கில் சொன்னால் ஒரு யூனிட் மின்சாரம்கூட அதில் தேங்காது. பெட்ரோல் இன்ஜினும் பிரேக்கும்தான் அதற்குத் தீனி போடுகின்றன. பெட்ரோல் தீர்ந்தால் கொஞ்ச தூரத்தில் வண்டி நின்றுவிடும். நான்கு வழிச்சாலையில், ராத்திரி நேரத்தில், பின்னால் லாரி வரும்போது நின்றால் அது சின்னக் குறையா?

சரி, இத்தனை ரீகால் வந்த காரை வாங்கலாமா என்று கேட்பீர்கள். இங்கேதான் உங்களோடு எனக்குச் சண்டை.

முப்பத்து நான்கு வருடம் பாடம் நடத்தியிருக்கிறேன். ஒருமுறை பத்தாம் வகுப்பில் கரும்பலகையில் கணக்குப் போட்டபோது கூட்டல் குறிக்குப் பதிலாகக் கழித்தல் குறி போட்டுவிட்டேன். வகுப்பு முழுவதும் அப்படியே நோட்டில் எழுதிக்கொண்டது. வீட்டுக்கு வந்தபிறகுதான் உறைத்தது. மறுநாள் முதல் வேலையாக, "நேத்து நான் போட்டது தப்பு. நோட்டைத் திறங்க, ரெண்டாவது வரியைத் திருத்துங்க" என்றேன். அன்று வராத நான்கு பையன்களை அடுத்த நாள் கூப்பிட்டுத் திருத்தச் சொன்னேன். அதனால் என் மரியாதை குறைந்ததா? அந்த வகுப்பில் படித்தவர்கள் இதைப் படிக்கிறீர்கள், நீங்களே சொல்லுங்கள்.

ரீகால் என்பது அதுதான். தப்பைத் தானே சொல்லி, வராதவனையும் தேடிப்பிடித்துத் திருத்துவது. அதைச் செய்கிற கம்பெனியைக் கேலி செய்தால், அடுத்தமுறை அது வாயை மூடிக்கொள்ளும். நீங்கள் பயப்பட வேண்டியது ரீகால் வந்த காரைப் பார்த்து அல்ல. குறை இருந்தும் ரீகால் வராத காரைப் பார்த்துத்தான். அதற்கு என் சொந்தக் கதையே சாட்சி.

என் வண்டியும் ஹைப்ரிட்தான். எந்தக் கம்பெனி, எந்த மாடல் என்று சொல்ல மாட்டேன், கமெண்டில் யாரும் கேட்கவும் வேண்டாம். மேலே சொன்ன ரீகால்களுக்கும் என் வண்டிக்கும் சம்பந்தம் இல்லை. ஓய்வூதியப் பணப்பலனில் வாங்கியது. முதல் ஆறு மாதம் ராஜா மாதிரி இருந்தது. பிறகு ஒருநாள் திண்டுக்கல்லிலிருந்து வத்தலக்குண்டு போகும்போது, மேடுபள்ளமான இடத்தில் வேகத்தடைக்கு முன் பிரேக்கை மெதுவாக மிதித்தேன். ஒரு நொடி பிரேக்கே இல்லாதது மாதிரி வண்டி வழுக்கிக்கொண்டு போனது. பிறகு பிடித்தது. பக்கத்தில் உங்கள் டீச்சரம்மா, பின்னால் பேத்தி. அவர்களுக்குத் தெரியவில்லை. எனக்கு உள்ளங்கை வேர்த்துவிட்டது.

இரண்டு வாரத்தில் மூன்று முறை அப்படி ஆனது. சர்வீஸ் சென்டருக்குப் போனேன். அங்கே சர்வீஸ் அட்வைசராக இருந்தவன் என்னிடம் படித்த பையன். "வாங்க சார்" என்று எழுந்து நின்றான், காபி வாங்கிக் கொடுத்தான். விஷயத்தைச் சொன்னதும், "ஹைப்ரிட்ல பிரேக் அப்படித்தான் சார் இருக்கும், போகப் போகப் பழகிடும்" என்றான்.

ஜாப் கார்டை வாங்கிப் பார்த்தேன். "ஜெனரல் செக்கப், வாட்டர் வாஷ்" என்று இருந்தது. "தம்பி, நான் சொன்ன புகார் எங்கே?" என்றேன். அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "சார், பிரேக் கம்ப்ளைன்ட்னு எழுதினா மேல ஆயிரம் கேள்வி கேப்பாங்க. நான் பாத்துக்கறேன் சார்" என்றான். நானும் மாணவன் முகத்துக்காக விட்டுவிட்டேன். அன்று நான் செய்தது தப்பு. இரண்டாம் முறையும் அதே கதை. மூன்றாம் முறை போனபோது வண்டியை ஒருநாள் வைத்துக்கொண்டு ஏதோ சாஃப்ட்வேர் மாற்றினார்கள். அன்றிலிருந்து அந்த வழுக்கல் இல்லை.

சந்தோஷம்தானே என்பீர்கள். எனக்குச் சந்தோஷம் இல்லை. மூன்று பில்லையும் எடுத்துப் பாருங்கள்: ஜெனரல் செக்கப், ஜெனரல் செக்கப், ஜெனரல் செக்கப். காகிதக் கணக்கில் என் வண்டிக்குப் பிரேக் குறை வந்ததே இல்லை, அது சரிசெய்யப்பட்டதும் இல்லை. அதே மாதிரி வண்டி வைத்திருக்கும் இன்னொருவர் "ஹைப்ரிட்ல இப்படித்தான் இருக்கும்" என்று பழகிக்கொண்டு ஓட்டிக்கொண்டிருப்பார். பழகாத ஒருநாளில் அவருக்கு முன்னால் ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை சாலையைக் கடந்தால்?

இது என் கற்பனைப் பயம் இல்லை. 2010-இல் டொயோட்டா ப்ரியஸ் காருக்கு நடந்ததைச் சொல்கிறேன். அப்போது அந்தத் தலைமுறை ப்ரியஸ் புத்தம் புதிது. ஜப்பானிலும் அமெரிக்காவிலும், மேடுபள்ளமான சாலையில் ஒரு கணம் பிரேக் பிடிக்கவில்லை என்று உரிமையாளர்கள் புகார் சொன்னார்கள். ஹைப்ரிட் காரில் மின்மோட்டார் வழியாக வேகத்தைக் குறைப்பது ஒன்று, சாதாரண எண்ணெய் பிரேக் ஒன்று என இரண்டு உண்டு. மேடுபள்ளத்தில் சக்கரம் வழுக்கி ஏபிஎஸ் வேலை செய்யும்போது ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் கைமாறும் அந்த இடைவெளிதான் சிக்கல். முதலில் கம்பெனித் தரப்பில், அது ஓட்டுநருக்குத் தோன்றும் ஓர் உணர்வு என்கிற மாதிரி விளக்கம் வந்தது. நம் தம்பி சொன்ன "பழகிடும்" தான், ஜப்பானிய மொழியில். ஆனால் அங்கே புகார்கள் எழுத்தில் இருந்தன. அமெரிக்க அரசின் சாலைப் பாதுகாப்பு அமைப்பு தன்னிடம் வந்த 124 புகார்களை வைத்து 2010 பிப்ரவரியில் விசாரணை தொடங்கியது. சில நாட்களில் உலகம் முழுக்க 4 லட்சத்துக்கும் அதிகமான ஹைப்ரிட் கார்களை டொயோட்டா திரும்ப அழைத்து ஏபிஎஸ் மென்பொருளை மாற்றிக் கொடுத்தது.

124 புகார். இந்த எண்ணை மனதில் வைத்துக்கொண்டு நம் ஊருக்கு வாருங்கள்.

நம் நாட்டில் 2012 முதல் கம்பெனிகள் தாமாக முன்வந்து ரீகால் செய்யும் ஒரு நடைமுறை இருக்கிறது. 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தி 110ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். கம்பெனி செய்யாவிட்டால் அரசே ரீகாலுக்கு உத்தரவு போடலாம். விதிகள் 2021 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ளன. ஏழு வருடத்துக்கு உட்பட்ட வண்டிகளுக்குப் பொருந்தும். நல்ல சட்டம்தான். ஆனால் உரிமையாளர் புகார் வழியாக அது அசைய வேண்டுமென்றால், ஆண்டுக்குப் பத்தாயிரத்துக்கு மேல் விற்கும் காருக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட புகார்கள் சேர வேண்டும். சோதனை நிறுவனம் சொன்னாலோ வேறு வழியில் தெரியவந்தாலோ நடவடிக்கை எடுக்கலாம் என்பதும் சட்டத்தில் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனாலும் பிரேக் பிடிக்கவில்லை என்பதற்கு ஓட்டெடுப்பு எதற்கு? அபராதமும் விதிப்படி 10 லட்சம் முதல் 1 கோடி ரூபாய் வரைதான். ஒரு ஹைப்ரிட் கார் 20 லட்சம் என்று வைத்துக்கொண்டால், உச்ச அபராதம் ஐந்து கார் விலை. ஐந்தாம் வகுப்புக் கணக்கு இது.

சட்டம் ஒருபக்கம் இருக்கட்டும். ஆயிரம் புகார் எப்படிச் சேரும்? நான் மூன்று முறை போய் ஒரு புகார்கூடப் பதிவாகவில்லையே! "ரீசேல் போயிடும்" என்று ஒருவர் வாயை மூடுகிறார். "சர்வீஸ் சென்டர்ல பகைச்சுக்கக் கூடாது" என்று இன்னொருவர். "புது டெக்னாலஜி அப்படித்தான்" என்று மூன்றாமவர். வாட்ஸ்அப்பில் வதந்தியை அனுப்ப மட்டும் நம் எல்லோருக்கும் கை நீள்கிறது.

எனவே வீட்டுப்பாடம் கொடுக்கிறேன். ஒழுங்காகச் செய்யுங்கள்.

ஒன்று: ஆர்.சி. புத்தகத்தை எடுங்கள். அதில் 17 எழுத்தும் எண்ணும் கொண்ட சேசிஸ் நம்பர் இருக்கும். உங்கள் கார் கம்பெனியின் இணையதளத்தில் அதைப் போட்டு ரீகால் இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். இருந்தால் பாகத்தை இலவசமாக மாற்றித் தருவார்கள். பழைய வண்டி வாங்கியவர்கள் அவசியம் பாருங்கள், கடிதம் பழைய முதலாளி வீட்டுக்குத்தான் போயிருக்கும்.

இரண்டு: சர்வீஸுக்கு விடும்போது உங்கள் புகார் ஜாப் கார்டில் உங்கள் வார்த்தையிலேயே இருக்கிறதா என்று படித்துப் பார்த்த பிறகு கையெழுத்துப் போடுங்கள். இல்லையென்றால் கையெழுத்துப் போடாதீர்கள். ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்று: பிரேக், ஸ்டியரிங், பெல்ட், ஏர்பேக், தீ சம்பந்தப்பட்ட குறை என்றால் மத்திய அரசின் வாஹன் தளத்தில் ரீகாலுக்கான பக்கத்தில் பதிவு செய்யுங்கள். நான் நேற்று செய்துவிட்டேன். ஆயிரத்தில் ஒன்று என்னுடையது.

ஓசூரிலும் ஒரகடத்திலும் ஸ்ரீபெரும்புதூரிலும் வாகனத் தொழிற்சாலைகளில் வேலை பார்க்கும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. தரப் பரிசோதனையில் இருப்பவர்கள் உங்களில் எத்தனையோ பேர். ஒரு பிராக்கெட் சரியாக இறுகவில்லை என்று நீங்கள் லைனை நிறுத்தினால், மேலதிகாரி திட்டுவார். நிறுத்தாவிட்டால் யாரோ ஒரு வீட்டில் அழுகை கேட்கும். திட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

கடைசியாக, அந்த சர்வீஸ் அட்வைசர் தம்பிக்கு. நீ இதைப் படிப்பாய் என்று தெரியும். உன் பெயரையோ உன் கம்பெனியையோ நான் யாரிடமும் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். உன்மேல் கோபமும் இல்லை, உனக்கு மேலே இருப்பவர்களின் நெருக்கடி எனக்குப் புரிகிறது. ஆனால் விடையைச் சரியாகப் போட்டுவிட்டு வழிமுறையை எழுதாமல் வந்த பையனுக்கு நான் எத்தனை மார்க் போடுவேன் என்று உனக்கு நினைவிருக்கும். வண்டியைச் சரிசெய்துவிட்டாய். அதைக் காகிதத்தில் எழுது. அடுத்த மாதம் சர்வீஸுக்கு வருகிறேன். காபி வேண்டாம், ஜாப் கார்டை மட்டும் ஒழுங்காக எழுதி வை.

மாப்பிள்ளை, நீயும் அந்தச் சிவப்பு எழுத்துச் செய்தியைக் குழுவிலிருந்து எடுத்துவிட்டு, உன் வண்டியின் சேசிஸ் நம்பரைப் போட்டுப் பார். உன்னுடையது பெட்ரோல் கார்தான், தெரியும். அதற்கும் ரீகால் இருக்கலாம்.

அன்புடன்,
உங்கள் பழைய கணக்கு வாத்தியார்