கேமரா இருக்கிறது, ஓடுகிறதா?

கம்பம் பள்ளத்தாக்கில், காமயகவுண்டன்பட்டிப் பக்கம் தோட்டத்து மோட்டார் திருடு போனாலும் சரி, வாசலில் நிறுத்திய பைக் காணாமல் போனாலும் சரி, விசாரிக்க வருபவர்கள் முதலில் கேட்பது, "இந்தத் தெருவுல கேமரா இருக்கா?" என்றுதான். இருக்கிறது. மளிகைக் கடை வாசலில் ஒன்று, மாடி வீட்டு முகப்பில் இரண்டு, தெருமுனைக் கம்பத்தில் இன்னொன்று. "ஓடுதா?" என்ற அடுத்த கேள்விக்குத்தான் பதில் வராது. கடைக்காரர் டிவியைப் போட்டுப் பார்க்கிறார். நான்கு கட்டங்களில் மூன்று கறுப்பு. 'வீடியோ லாஸ்' என்று எழுதியிருக்கிறது. எந்த மாதத்திலிருந்து அப்படி என்று அவருக்கே தெரியாது.

வெயிலிலும் மழையிலும் கிடக்கும் சாமான் கெடத்தான் செய்யும், அதில் வியக்க ஒன்றுமில்லை. கெட்டுப்போனது யாருக்கும் தெரியாமல் கிடக்கிறதே, அதைத்தான் பேச வேண்டும்.

பழுது பெரும்பாலும் சின்னதுதான். விவரமான மெக்கானிக் ஏணியைத் தேட மாட்டார். முதலில் ரெக்கார்டர் பெட்டியின் பின்பக்கம் போவார். படம் வராத வயரைப் பிடுங்கி, படம் வருகிற துளையில் செருகிப் பார்ப்பார். அங்கே படம் வந்துவிட்டால் கேமராவும் வயரும் நலம், பெட்டியின் துளைதான் போயிருக்கிறது. அங்கேயும் கறுப்பு என்றால் கோளாறு வயரிலோ, கேமராவிலோ, அதற்குப் போகும் கரண்டிலோ இருக்கிறது. நான்கும் ஒரே நேரத்தில் இருண்டிருந்தால் அவர் கேமராக்களைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். நான்கும் ஒரே நாளில் சாவது அபூர்வம், 12 வோல்ட் கொடுக்கும் பவர் சப்ளைதான் படுத்திருக்கும். திரையில் மெனுவே வரவில்லை என்றால் டிவியின் இன்புட் மாறியிருக்கலாம். இல்லாவிட்டால் பழைய மானிட்டருக்குத் தாங்காத ரெசல்யூஷனைப் பெட்டியில் யாரோ வைத்திருப்பார்கள்.

திராட்சைத் தோட்டத்துக் கேமராவுக்கு ஒரு தனிச் சீக்கு உண்டு.

"பகல்ல நல்லாத் தெரியுது தம்பி. ராத்திரி ஆனாப் போயிருது."

"லைன் எம்புட்டுத் தூரம்க்கா?"

"பந்தல் முடியுற வரைக்கும்."

விடை அந்தத் தூரத்தில் இருக்கிறது. கேமராவுக்கு இழுக்கும் 3+1 கேபிள் 90 மீட்டர் ரோலாக வரும். மெல்லிசுக் கம்பியில் ஒரு ரோலை முழுசாக இழுத்தால், 12 வோல்ட் மறுமுனைக்குப் போய்ச் சேருவதற்குள் குறைந்துவிடும். பகலில் கேமரா கொஞ்சமாகத்தான் கரண்ட் எடுக்கும், அதனால் சமாளித்துக்கொள்ளும். இருட்டியதும் லென்ஸைச் சுற்றியுள்ள அகச்சிவப்பு விளக்குகள் எரியத் தொடங்கும். இழுவை கூடும், வோல்டேஜ் இன்னும் இறங்கும், கேமரா அணைந்துவிடும். திருடன் வருகிற நேரமும் அதுதான். புதுக் கேமரா வாங்கினாலும் இது தீராது. தடித்த கம்பி போட வேண்டும், அல்லது கேமராவுக்குப் பக்கத்திலேயே ஒரு அடாப்டரைப் பொருத்த வேண்டும். இதைச் சொல்லாமல் கேமராவை மாற்றிவிட்டுப் போகிறவர்களும் இருக்கிறார்கள்.

மற்றதெல்லாம் சில்லறை. மழைத் தண்ணீர் இறங்கிப் பச்சை பூத்த, வயர் முனையில் இருக்கும் பிஎன்சி பின்னை வெட்டிவிட்டுப் புதுப் பின் போட்டால் படம் வந்துவிடும். எலியும் அணிலும் வயரைக் கடிக்கும். ஐப்பசி இடிக்கு ஒரு துளை போகும். கேமராவின் விளக்குக்கு வரும் பூச்சியைப் பிடிக்கச் சிலந்தி லென்ஸ் மேலேயே வலை கட்டும். மலைக்கு மேலே வண்டன்மேட்டுப் பக்கம் ஏலத்தோட்டம் வைத்திருக்கும் கம்பம் பள்ளத்தாக்குக்காரர்களுக்கு வேறு பாடு. அங்கே சிம் போட்ட, சோலாரில் ஓடும் கேமரா. சிம்முக்கு ரீசார்ஜ் தீர்ந்தாலும் படம் வராது, நாலு நாள் மூடாக்குப் போட்டு பேட்டரி இறங்கினாலும் வராது.

இவற்றையெல்லாம்விட மோசமான பழுது ஒன்று உண்டு. திரையில் படம் ஓடும், ஆனால் எதுவும் பதிவாகாது. ஹார்ட் டிஸ்க் இரவும் பகலும் சுழன்று ஒரு நாள் ஓய்ந்திருக்கும், நேரடிப் படம் அதன்பாட்டுக்கு வந்துகொண்டிருக்கும். வீட்டுக்காரர் நிம்மதியாகத் தூங்குவார்.

பதிவில்லாத கேமரா எங்கே கொண்டுபோய் விடும் என்பதை 2020 ஜூனில் சாத்தான்குளம் காட்டியது. போலீஸ் பிடித்துப்போன தந்தை ஜெயராஜ், மகன் பென்னிக்ஸ் ஆகியோரின் மரணத்தை விசாரிக்கப் போன கோவில்பட்டி நீதித்துறை நடுவர், காவல் நிலைய கேமராப் பதிவுகளைத் தேடினார். ஹார்ட் டிஸ்கில் 1 டிபி இடம் இருந்தும், அன்றன்றைய பதிவு தானாக அழிந்துவிடும்படி அமைப்பு வைக்கப்பட்டிருந்ததாக உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்கு அறிக்கை கொடுத்தார். அங்கே எதுவும் பழுதாகவில்லை. மெனுவில் யாரோ தேர்ந்தெடுத்திருந்த அமைப்பு அது.

அதே ஆண்டு டிசம்பர் 2-ஆம் தேதி, பரம்வீர் சிங் சைனி வழக்கில் உச்ச நீதிமன்றம் எல்லாக் காவல் நிலையங்களிலும் கேமரா வைக்கச் சொன்னது. 18 மாதப் பதிவைச் சேமிக்கும் வசதி பற்றியே பலரும் பேசுகிறார்கள். தீர்ப்பின் உயிர் வேறோர் இடத்தில் இருக்கிறது: கேமரா ஓடுவதற்கும் பதிவாவதற்கும் அந்த நிலையத்தின் பொறுப்பு அதிகாரியே பொறுப்பு, பழுதானால் உடனே மேலே தெரிவிக்க வேண்டியதும் அவரே. ஆளைக் குறித்துச் சொன்ன உத்தரவு அது. அப்படியும் 2025 செப்டம்பரில், காவல் நிலையங்களில் கேமராக்கள் ஓடாதது பற்றி உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கு எடுக்க வேண்டி வந்தது.

பார்க்க ஆள் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு ஊட்டி உதாரணம். 2024 ஏப்ரல் 27 மாலை, மக்களவைத் தேர்தல் வாக்குப்பதிவு இயந்திரங்கள் பூட்டப்பட்டிருந்த இடத்தில் கேமராத் திரைகள் சுமார் 20 நிமிடம் இருண்டன. அதிக வெப்பத்தால் வந்த கோளாறு என்றது மாவட்ட நிர்வாகம். அந்த விளக்கத்தை நம்பாதவர்களும் உண்டு. ஆனால் 20 நிமிட இருட்டு அன்றைக்கே ஊருக்குத் தெரிந்தது, ஏனென்றால் அந்தத் திரையைப் பார்ப்பதையே வேலையாக வைத்திருந்தவர்கள் இருந்தார்கள். நம் தெருக் கம்பத்துக் கேமரா இருபது வாரம் இருண்டு கிடந்தாலும் கேட்க நாதியில்லை.

தெருக் கேமராக்கள் பெருகிய கதையும் தெரிந்ததுதான். 2016 ஜூன் 24 அன்று நுங்கம்பாக்கம் ரயில் நிலையத்தில் ஓர் இளம்பெண் வெட்டிக் கொல்லப்பட்டபோது நிலையத்தில் கேமரா இல்லை. அக்கம்பக்கத்துக் கட்டடங்களின் பதிவுதான் துப்புக் கொடுத்தது. அதன்பின் சென்னைக் காவல்துறை 'மூன்றாவது கண்' என்று இயக்கமாகவே நடத்தியது, மற்ற ஊர்களிலும் நன்கொடையாளர்கள் உதவியோடு கம்பங்கள் முளைத்தன. திறப்பு விழா நடந்தது, படம் எடுத்தார்கள். பிஎன்சி பின்னையும் ஹார்ட் டிஸ்கையும் மாற்ற யார் பணம் கொடுப்பார்கள் என்று அந்த மேடையில் யாரும் கேட்கவில்லை.

அதைக் கேட்பது அப்படியொன்றும் பெரிய காரியமில்லை. கேமரா கொடுக்கும் நன்கொடையிலேயே மூன்று வருடப் பராமரிப்பையும் சேர்த்துக் கேட்கலாம். கம்பத்துப் பலகையில் கொடுத்தவர் பெயருக்குக் கீழே, பழுதைச் சொல்ல வேண்டிய தொலைபேசி எண்ணை எழுதலாம். வேலை செய்யும் கேமரா எத்தனை, செய்யாதது எத்தனை என்று மாதம் ஒருமுறை பேரூராட்சி அலுவலகத்தில் ஒட்டலாம். வீட்டுக் கேமராவுக்கு இன்னும் சுலபம். நேரடிப் படத்தைப் பார்த்துத் திருப்திப்படாமல், ஞாயிற்றுக்கிழமை காலையில் முந்தின நாள் இரவு இரண்டு மணிப் பதிவை ஓட்டிப் பார்க்க வேண்டும். திரையின் மூலையில் தேதியும் மணியும் சரியாக இருக்கிறதா என்றும் பார்த்துவிடலாம். பெட்டிக்குள் இருக்கும் காசு அளவு பேட்டரி தீர்ந்தால் கரண்ட் போய் வரும்போதெல்லாம் தேதி பழசுக்கு ஓடிவிடும், தேதி தப்பான பதிவை நீதிமன்றத்தில் எதிர்த் தரப்பு வக்கீல் சும்மா விட மாட்டார்.