காவிரிக்காக முடங்கிய மக்களவை: விவாத நேரத்தையும் முறை வைத்துப் பங்கிட முடியுமா?

மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கப்படும் நாள் ஜூன் 12. அந்தத் தண்ணீரை நம்பித்தான் தஞ்சாவூர், திருவாரூர், நாகை, மயிலாடுதுறை பக்கம் குறுவைக்கு நாற்று விடுகிறார்கள். அதே காவிரிக்காக 2018-ல் மக்களவை வாரக்கணக்கில் முடங்கியது. அதனால டெல்டாவுக்கு என்ன கிடைச்சது?

என்ன நடந்தது?

2018 பிப்ரவரி 16-ல் உச்ச நீதிமன்றம் தமிழகத்தின் பங்கை 192 டிஎம்சியிலிருந்து 177.25 டிஎம்சியாகக் குறைத்தது. தீர்ப்பைச் செயல்படுத்த 6 வாரத்தில் திட்டம் வகுக்கவும் மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. மார்ச் 5-ல் பட்ஜெட் கூட்டத்தொடரின் 2-வது பகுதி தொடங்கியது. காவிரி மேலாண்மை வாரியம் கேட்டு அதிமுக எம்.பி.க்கள் பதாகைகளோடு அவையின் மையத்துக்குப் போய் முழக்கமிட்டனர். தஞ்சாவூர், நாகை, மயிலாடுதுறை எம்.பி.க்களும் அப்போது அதிமுகதான். ஏப்ரல் 6-ல் கூட்டத்தொடர் முடியும்வரை அமளி ஓயவில்லை.

யாருக்கு நஷ்டம்?

அமளிக்கு நடுவிலேயே மார்ச் 14-ல் நிதி மசோதா விவாதமின்றி நிறைவேறிவிட்டது. ஆந்திரக் கட்சிகள் கொடுத்த நம்பிக்கையில்லாத் தீர்மானத்தை மட்டும் எடுக்க முடியவில்லை. அவை ஒழுங்கில் இல்லாததால், ஆதரவாக எழுந்து நிற்கும் 50 பேரை எண்ண முடியாது என்றார் சபாநாயகர் சுமித்ரா மகாஜன். இந்த அமளி அரசுக்குத்தான் வசதி என எதிர்க்கட்சிகள் விமர்சித்தன. ஜூன் 1-ல் காவிரி மேலாண்மை ஆணையம் அமைந்தது. அதுவும் உச்ச நீதிமன்ற வழக்கின் மூலம்தான் வந்தது.

ஆக, அரசின் வேலை நடந்தது. அரசைக் கேள்வி கேட்கும் நேரம்தான் வீணாப் போச்சு.

நேரத்தை யார் முடிவு செய்வது?

சபாநாயகர் தலைமையிலான அலுவல் ஆய்வுக் குழுதான் விவாதங்களுக்கு நேரம் ஒதுக்கும். அதைக் கட்சிகளின் பலத்துக்கு ஏற்பப் பிரிப்பார்கள். எந்த அலுவலை எடுப்பது என்பதில் அரசின் கையே ஓங்கியிருக்கும். எதிர்க்கட்சிக்கென தனி நாள் கிடையாது.

பிரிட்டனில் ஒரு கூட்டத்தொடருக்கு 20 நாட்கள் எதிர்க்கட்சிகளுடையவை. கனடாவில் ஆண்டுக்கு 22 நாட்கள். அன்று எதைப் பேசுவது என்பதை அவர்களே முடிவு செய்வார்கள். அந்தத் தீர்மானம் பெரும்பாலும் அரசைக் கட்டுப்படுத்தாது. ஆனா, அமைச்சர் எழுந்து பதில் சொல்லியாகணும்.

என்ன செய்யலாம்?

முதல் மக்களவை ஆண்டுக்குச் சராசரியாக 135 நாட்கள் கூடியது. 2019-24 மக்களவை 5 ஆண்டிலும் சேர்த்தே 274 நாட்கள்தான். ஆண்டுக்குக் குறைந்தது 120 நாட்கள் கூட வேண்டும் என நீதிபதி வெங்கடாசலையா ஆணையம் 2002-லேயே பரிந்துரைத்தது. அதோடு எதிர்க்கட்சி நாட்களும் வந்தால், முழக்கமிட்டுத்தான் கவனம் ஈர்க்கணும் என்ற நிலை மாறலாம்.

தண்ணீர் குறைந்தால் டெல்டாவில் முறைப் பாசனம் வைப்பார்கள். மேல்மடைக்காரர் முறை முடிந்ததும் மடையை அடைத்தால்தான் கடைமடை வயல் நனையும். அவையில் பேச்சு நேரத்துக்கும் அப்படி ஒரு முறை வேண்டும். இல்லையென்றால் டெல்டாவின் அடுத்த பிரச்சனையும் முழக்கமாகவே முடிந்துபோகும்.