எந்த மரத்துக்கு என்று கேட்டுக் கொடுப்போம்

கட்டிலையும் மேசையையும் கழற்றி மாட்டும்படி செய்து கேட்பவர்கள் பெருகிவிட்டதால், மரத்துக்குள் பதிக்கும் இன்செர்ட் நட்டு பனவடலிசத்திரம் போன்ற ஊர்களிலும் கேட்கும் சரக்காகிவிட்டது. அதன் வெளிமரை மரத்தைக் கவ்வும். உள்மரையில் போல்ட் ஏறும். மரத் திருகாணியை நாலைந்து முறை கழற்றினால் துளை தளர்ந்துபோகும். இதில் அந்தத் தொல்லை இல்லை.

ஆனால் சென்ற ஆண்டு ஒரு ஆசாரி, உடைந்த நட்டுகள் பன்னிரண்டைக் காகிதத்தில் மடித்து வந்து நம் மேசையில் கொட்டினார். "அண்ணாச்சி, சரக்கு சரியில்லையே" என்றார். சரக்கில் குறையில்லை, கொடுத்த நம்மிடம்தான் குறை. அது துத்தநாகக் கலவையில் வார்த்தது; பார்ட்டிகிள் போர்டுக்கும் மென்மரத்துக்கும் போதும். அவர் ஏற்றியதோ தேக்கில், அதுவும் சிறிய துளையில். உடைந்த துண்டுகளைக் கட்டில் காலிலிருந்து தோண்டி எடுக்கவே இரண்டு நாள் ஆயிற்றாம். சரக்கின் பணத்தைத் திருப்பிக் கொடுத்தோம். கூலியை யார் கொடுப்பது?

தேக்கு, பூவரசு போன்றவற்றுக்குப் பித்தளை அல்லது எஃகு நட்டைக் கொடுக்க வேண்டும். துளை, வெளிமரையை நீக்கிய உடம்பின் பருமன் இருக்கட்டும். கடினமரமானால் ஒரு நூல் அளவு கூட வேண்டாம், துளியளவு பெரிதானால் போதும். கழிவுக் கட்டையில் ஒன்றை ஏற்றிப் பார்ப்பது நல்லது. பித்தளையின் பிளவில் திருப்புளியை வைத்துத் திருகினால் காது ஒடியும். ஒரு போல்ட்டில் இரண்டு நட்டுகளை ஒன்றோடொன்று இறுக்கி, அதன் முனையில் இன்செர்ட்டை மாட்டி, வெளிமரையில் சோப்புத் தடவி ஸ்பானரால் நேராக ஏற்றச் சொல்லுங்கள். பலகையின் பின்பக்கம் கை எட்டுமானால் முள் வைத்த டீ-நட்டே போதும், விலையும் குறைவு. அதை மறைத்து விலை கூடியதைத் தள்ளிவிடுவது நமக்கு அழகல்ல.

இன்னொன்று, கால் இஞ்ச் கேட்பவருக்கு எம்6 கொடுக்கிற பழக்கம். கால் இஞ்ச் என்பது 6.35 மி.மீ., இஞ்சுக்கு 20 மரை. எம்6-இல் மரைக்கு மரை 1 மி.மீ. இரண்டு சுற்று ஏறி ஏமாற்றும்; மேலே இறுக்கினால் மரையைத் தின்றுவிடும். மெட்ரிக் சட்டம் 1956-இல் வந்தும் நம் நாக்கில் இஞ்ச் போகவில்லை!

மரவகை, துளை அளவு, போல்ட் அளவு மூன்றையும் எழுதிய சீட்டை இப்போது நமது கடையில் ஒவ்வொரு பாக்கெட்டிலும் வைத்து அனுப்புகிறோம். சப்ளையரே அதை அச்சிட்டு அனுப்பும்படி சங்கத்தின் வழியாகக் கேட்கலாம் என்பது நம் கருத்து. அடுத்த கூட்டத்தில் உறுப்பினர்கள் இதைப் பேச வேண்டும்.