கீமோதெரபி மருந்து கலக்கும் கைகளுக்கு என்ன பாதுகாப்பு?

புதுதில்லி: நாட்டின் அனைத்து மாவட்ட மருத்துவமனைகளிலும் மூன்று ஆண்டுகளில் பகல்நேர புற்றுநோய் சிகிச்சை மையங்கள் அமைக்கப்படும் என்றும், அவற்றில் 200 மையங்கள் 2025-26 நிதியாண்டிலேயே தொடங்கப்படும் என்றும் மத்திய பட்ஜெட்டில் அறிவிக்கப்பட்டது. கீமோதெரபிக்காகப் பெருநகரங்களுக்கு அலையும் நோயாளிகளுக்கு இது பெரும் ஆறுதல். அதேவேளையில், அம்மருந்துகளைத் தயாரிக்கும் செவிலியர்கள், மருந்தாளுநர்களின் பாதுகாப்பு குறித்த கேள்வியும் மாவட்டங்களைச் சென்றடைகிறது.

புற்றுநோய் செல்களை அழிக்கும் மருந்துகளில் பல, நலமான செல்களின் மரபணுவையும் சேதப்படுத்தக் கூடியவை. மார்பகப் புற்றுநோய் உள்ளிட்டவற்றுக்குப் பரவலாக அளிக்கப்படும் சைக்ளோபாஸ்பமைடு மருந்தை, மனிதர்களுக்குப் புற்றுநோயை உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் உலக சுகாதார அமைப்பின் சர்வதேச புற்றுநோய் ஆராய்ச்சி முகமை வைத்துள்ளது. நோயாளியைப் பொருத்தவரை அபாயத்தைவிடப் பலனே அதிகம். மருந்தைக் கலக்கும் ஊழியருக்கோ பலன் ஏதுமில்லை. அபாயம் மட்டுமே உண்டு.

இது புதிய எச்சரிக்கை அல்ல. இம்மருந்துகளைக் கையாண்ட செவிலியர்களின் சிறுநீரில் மரபணு மாற்றத்தைத் தூண்டும் தன்மை இருப்பதை பின்லாந்து ஆய்வாளர்கள் 1979-இலேயே கண்டறிந்தனர். தோல் தடிப்பு, மலட்டுத்தன்மை, கருச்சிதைவு ஆகியவை நேரலாம் என அமெரிக்காவின் தேசிய பணியிடப் பாதுகாப்பு நிறுவனம் 2004-இல் எச்சரித்தது.

அபாயம் நுழையும் வழி

குப்பியில் ஊசியைச் செலுத்தி எடுக்கும்போது, உள்ளே உள்ள அழுத்தத்தால் கண்ணுக்குத் தெரியாத நுண்துளிகள் தெறிக்கின்றன. அவை மூச்சிலும் தோலிலும் சேர்கின்றன. குப்பியின் வெளிப்புறத்திலேயே மருந்துத் துகள் படிந்திருப்பதும் உண்டு. எனவேதான், காற்றை உள்ளிழுத்து வடிகட்டும் உயிரிப் பாதுகாப்புப் பெட்டிக்குள் இரட்டைக் கையுறையுடன் மருந்தைக் கலக்க வேண்டும் என்பது நடைமுறை. கிடைமட்டக் காற்றோட்டம் கொண்ட சாதாரணப் பெட்டி இதற்குப் பொருந்தாது. அது மருந்தைத் தூய்மையாகக் காக்கும், ஆனால் காற்றை ஊழியரின் முகத்தை நோக்கியே தள்ளும்.

விதிகள் சொல்வது என்ன?

உயிரி மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகள், 2016 இம்மருந்துகளின் கழிவு குறித்துத் தெளிவாகப் பேசுகின்றன. மருந்து பட்ட பொருள்கள் மஞ்சள் நிறப் பைகளில் சேகரிக்கப்பட்டு, 1,200 டிகிரி செல்சியஸுக்கு மேற்பட்ட வெப்பத்தில் எரிக்கப்பட வேண்டும். கழிவைக் கையாளும் ஊழியர்களுக்கு ஆண்டுக்கு ஒருமுறையேனும் உடல் பரிசோதனையும் கட்டாயம். ஆனால், அதே மருந்தை எந்த அறையில், எந்தக் கருவியுடன் கலக்க வேண்டும் என்பது அவ்விதிகளின் வரம்புக்குள் வராது. மருத்துவமனைகளுக்கான தேசிய தர அங்கீகார வாரியம் பாதுகாப்பான தயாரிப்பை வலியுறுத்துகிறது. எனினும், அந்த அங்கீகாரத்தைப் பெறுவது மருத்துவமனையின் விருப்பத்தைப் பொருத்தது.

தனி மருந்துத் தயாரிப்புப் பிரிவு கொண்ட பெரிய புற்றுநோய் மருத்துவமனைகளில் இந்த இடைவெளி அவ்வளவாகத் தெரிவதில்லை. நான்கைந்து படுக்கைகளுடன் இயங்கும் மையத்தில், மருந்து கலப்பதும் செலுத்துவதும் சிந்தியதைத் துடைப்பதும் ஒரே செவிலியரின் பணியாகிவிடக் கூடும். கட்டில்களுக்கும் மருந்துகளுக்கும் நிதி ஒதுக்கும்போதே பாதுகாப்புப் பெட்டி, பயிற்சி, ஊழியர்களின் உடல்நலப் பதிவேடு, கர்ப்பிணிகளுக்கு மாற்றுப் பணி ஆகியவற்றுக்கும் வழி செய்யப்பட வேண்டும். மையம் இயங்கத் தொடங்கிய பின் இவற்றைச் சேர்த்துக்கொள்ளலாம் என விட்டால், அதுவரையிலான பாதிப்பை ஊழியர்களே சுமக்க நேரிடும்.