எயிட்ஸ் பூனை எண்டு சொல்லித் துரத்தாதீங்க

“பிள்ள, அது எயிட்ஸ் பூனையாம். வீட்டில வச்சிருக்காத.” எங்கட கடுவனுக்கு எஃப்ஐவி எண்டு மிருக வைத்தியர் சொன்ன நாளில இருந்து சாம்பல்தீவில எனக்கு அதிகம் கிடைக்கிற புத்திமதி இதுதான். சொல்லுற ஆக்கள் கெட்டவங்க இல்ல. அந்தப் பெயர்தான் பயமுறுத்துது.

எஃப்ஐவி, பூனையின் நோய் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் வைரஸ். 1986இல் கலிபோர்னியாவில் நீல்ஸ் பெடர்சனும் ஜனெற் யமமோட்டோவும் இதைக் கண்டுபிடித்தார்கள். மனிதரைத் தாக்கும் எச்ஐவிக்கு இது தூரத்துச் சொந்தம், அவ்வளவுதான். மனிதருக்கு இது தொற்றாது. தடவினாலும் மடியில படுத்தாலும் ஒண்டும் வராது.

பூனைக்குப் பூனை எப்படிப் பரவுது? முக்கியமா ஆழமான கடியால. இடத்துக்கும் பெட்டைக்கும் சண்டை பிடிக்கிற, கருத்தடை செய்யாத கடுவன்களுக்குத்தான் இது கூடுதலாக வருது. அப்ப யோசிச்சுப் பாருங்க: நோயுள்ள கடுவனைச் சாக்கில கட்டி மீன் சந்தையடியில விட்டா என்ன நடக்கும்? சாப்பாட்டுக்கு அடிபடும், கடிக்கும், கடிபடும். நோயைத் துரத்துறம் எண்டு நினைச்சு நாங்களே அதைப் பரப்பிவிடுறம்.

வீட்டில வச்சிருந்தா அந்தப் பூனை பல வருசம் நல்லா வாழலாம். முழுசா மாத்துற மருந்து இல்லைதான். ஆனா சாதாரண பூனைக்குத் தானா ஆறுகிற சின்னக் காயமும் தடிமனும் இதுக்குப் பெருசாகலாம். முரசு வீங்குதா, வாய் மணக்குதா, சாப்பாடு குறையுதா, மெலியுதா எண்டு கவனிக்க வேணும். கண்டா காத்திருக்காம வைத்தியரிட்டக் காட்ட வேணும். காய்ச்சல் எண்டு பனடோல் மட்டும் குடுத்திடாதீங்க. எந்தப் பூனைக்கும் அது நஞ்சு, உயிரே போகலாம்.

“மனிசருக்கே சாப்பாடு இல்ல, பூனைக்குச் செலவா?” எண்டு கேக்கிறாங்க. இந்த விலைவாசியில அது நியாயமான கேள்வி. வைத்தியச் செலவு எல்லாராலும் ஏலாது. ஆனா பராமரிப்பில பெரும்பகுதி காசு இல்ல, பழக்கம். கரையில இருந்து வாற சூடையைப் பச்சையாகப் போடாம அவிச்சு, முள் எடுத்துக் குடுக்கலாம். பச்சை மீனிலும் இறைச்சியிலும் உள்ள கிருமியும் புழுவும் இந்தப் பூனைக்குக் கூடுதல் ஆபத்து. எங்கட வீடுகள் பகலெல்லாம் திறந்தபடிதான், பூனையை முழுநாளும் அடைச்சு வைக்கிறது கஷ்டம். சண்டை கூடின இரவிலயாவது உள்ள வைக்கலாம். வீட்டில வேற பூனை இருந்து ரெண்டும் அடிபட்டா, பிரிச்சு வைக்கத்தான் வேணும்.

காசு செலவழிக்க வேண்டிய ஒரு இடம் கருத்தடை. அதுக்குப் பிறகு கடுவன் அலையிறதும் சண்டை பிடிக்கிறதும் குறையும். இது நோயுள்ள பூனைக்கு மட்டும் சொல்லுற விசயம் இல்ல. கம்பஸ் கன்ரீனடியில பூனைக்குச் சோறு வச்சுப் படம் எடுத்துப் போடுற நாங்க, பத்துப் பேர் சேர்ந்து மாசம் ஒரு கடுவனுக்கு அந்தச் செலவைப் பங்கு போடலாம். சோறு ஒரு நேரப் பசியைத்தான் தீர்க்கும். இது அந்தப் பூனையையும் அது கடிக்க இருந்த பூனைகளையும் சேர்த்துக் காப்பாத்தும்.